பிகாசாவுக்குப் பிறகு: ஒரு சிற்றூர் ஸ்டுடியோ மென்பொருள் தேர்ந்தெடுத்த விதம்

ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர் ஸ்டுடியோ இது. ஒற்றை அறை, முன்னால் ஒரு கவுன்ட்டர், உள்ளே நீலத் திரை. நடத்துபவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். நான் அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, அம்மன் கோவில் கொடை என்று சுற்றுவட்டாரத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் போவார். ஆல்பம் டிசைனை வெளியே கொடுத்துவிடுகிறார். கடைக்குள் நடப்பது பாஸ்போர்ட் படம், பழைய படத்தைச் சீராக்குவது, பெரிதாக்கி ஃபிரேம் போடுவது.

அவருக்கு அடிக்கடி வரும் ஒரு கோரிக்கையிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிடுவார். மகனோ மருமகனோ கடைக்கு வருவார். "தங்கச்சி கல்யாணத்துல அப்பா சிரிச்ச மாதிரி ஒரு படம் நீங்க எடுத்தீங்களே, அதைப் பெரிசாக்கிக் கொடுங்க." அந்தக் கல்யாணம் எந்த ஆண்டு நடந்தது என்பது அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. பதினாறாம் நாளுக்குள், சில வீடுகளில் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே, மாலை போட ஒரு படம் வேண்டும். அண்ணாச்சி 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் 3', 'மாப்பிள்ளை வீடு ஃபைனல்' என்று கிடக்கும் ஃபோல்டர்களுக்குள் இறங்கித் தேடுவார். கிடைத்துவிட்டால் அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கிடைக்காவிட்டால் ஆதார் அட்டையில் உள்ள படத்தைப் பெரிதாக்க வேண்டிவரும். அப்படிச் செய்துகொடுத்த வீடுகளை அவர் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்.

அவர் என்னிடம் கேட்டது குறைந்த செலவில் நல்ல எடிட்டிங் மென்பொருள். அவருடைய வேலையைக் கூட இருந்து பார்த்தபோது, அவருக்கு முதலில் வேண்டியது படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் என்று தெரிந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எடிட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முடித்த படம் ஜேபெக்காக வெளியே வந்துவிடும். அடுக்கி வைக்கும் மென்பொருளிடம் நாம் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்: இவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம், இருநூறு படத்தில் எது நல்ல படம். அந்தத் தகவலை அது எங்கே எழுதி வைக்கிறது, நாளைக்கு அதை விட்டு வெளியே வந்தால் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவர முடியுமா? விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

கடையில் இருந்த நிலைமை

அண்ணாச்சி பயன்படுத்திக்கொண்டிருந்தது பிகாசா. கூகுள் 2004-இல் வாங்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள். இந்தியாவில் எத்தனையோ சிறு ஸ்டுடியோக்களும் வீடுகளும் அதில்தான் படம் பார்க்கப் பழகின. 2016 பிப்ரவரியில் கூகுள் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மார்ச் 15-ஆம் தேதியோடு கணினிப் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. ஆனால் ஏற்கெனவே நிறுவியிருந்த பிரதி ஓடிக்கொண்டேதான் இருந்தது. "வேலை செய்யுதுல்லா தம்பி, பிறகு எதுக்கு மாத்தணும்?" என்பது அண்ணாச்சியின் வாதம். நியாயமான வாதம்தான். அதனால் பிகாசா உள்ளுக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைத் திறந்து காட்டினேன்.

விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்துவிட்டு ஒரு கல்யாண ஃபோல்டரைத் திறந்தோம். உள்ளே பிகாசா.ஐஎன்ஐ என்று ஒரு சின்னக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு படத்தின் பெயரும், அதன் கீழே அந்தப் படத்துக்குச் செய்த திருத்தங்களும் வரிவரியாக இருக்கின்றன. முகத்துக்குப் பெயர் போட்ட இடங்களில், முகம் இருக்கும் கட்டத்தைக் குறிக்கும் நீண்ட குறியெண் ஒன்று. அதை அடுத்து அந்த ஆளுக்கென இன்னொரு குறியெண். எந்தக் குறியெண் யாருடையது என்ற முழுப் பட்டியல், விண்டோஸ் பயனர் கணக்குக்குள் பிகாசா வைத்திருக்கும் தனிக் கோப்பில் இருக்கிறது. அதாவது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் படம் வரும், பெயர் எல்லாம் முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. சி டிரைவை ஃபார்மட் செய்தால் பெயர்ப் பட்டியலே போய்விடும்.

திருத்தங்களின் நிலை இன்னும் சிக்கல். பிகாசாவில் வெளிச்சம் கூட்டி, சாய்வை நிமிர்த்திவிட்டு 'சேவ்' அழுத்தாமல் விட்டால், அந்தத் திருத்தம் ஐஎன்ஐ கோப்பில் மட்டும்தான் இருக்கும். வேறு எந்த மென்பொருளில் திறந்தாலும் திருத்தாத படம்தான் தெரியும். சேவ் அழுத்தியிருந்தால், திருத்திய படம் பழைய பெயரில் உட்கார்ந்துகொள்ளும். மூலப்படம் அதே ஃபோல்டருக்குள் மறைந்த துணை ஃபோல்டர் ஒன்றுக்குப் போய்விடும். முழு ஃபோல்டரையும் நகலெடுத்தால் அதுவும் கூடவே வரும். படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் போட்டுவிட்டு ஃபோல்டரை அழித்தால், மூலப்படம் அதோடு போயிற்று. இப்படிப் போன படங்கள் எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஒரு நல்ல விஷயமும் இருந்தது. ஜேபெக் படங்களுக்குப் போட்ட டேக்குகளையும் (பெயர், ஊர் மாதிரியான குறிச்சொற்கள்) தலைப்புகளையும் பிகாசா அந்தப் படத்துக்குள்ளேயே ஐபிடிசி என்ற முறையில் எழுதிவைத்திருக்கிறது. அதனால் அவை எங்கும் போகவில்லை. முகப் பெயர்களையும் படத்துக்குள் எழுத 3.9 பதிப்பில் ஒரு வசதி உண்டு. டூல்ஸ் மெனுவில் சோதனை வசதிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பிகாசா இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்துகொள்ளலாம். அந்தக் கணினி படுத்துவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும்.

பணமும் பருவமும்

மொத்தம் ரூ.15,000 வரை செலவு செய்யலாம் என்றார் அண்ணாச்சி. ஹார்ட் டிஸ்க்கும் அதற்குள்தான். கணினி பழைய ஐ3, 8 ஜிபி ரேம், தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. புதுச் சிஸ்டம் வாங்கும் பேச்சே இல்லை.

மாதச் சந்தாவை அவர் எடுத்த எடுப்பிலேயே மறுத்தார். "மாசாமாசம் கட்டுறது நமக்கு சரிப்படாது தம்பி. ஆடியில யாரு கல்யாணம் வைக்கா? மார்கழியில யாரு வைக்கா?" கல்யாண ஸ்டுடியோவின் வருமானம் முகூர்த்த நாட்களைப் பொறுத்தது. தை, வைகாசி, ஆவணியில் கை நிறையும். ஆடியில் கொடை வேலை ஒன்றிரண்டு வரும், மார்கழியில் அதுவும் இல்லை. சந்தாவுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. சென்னையிலோ கோவையிலோ ஆண்டு முழுக்கக் கார்ப்பரேட் வேலையும் பொருள் படங்களும் எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. சிற்றூரில் இதுதான் முதல் தடை.

இருந்தாலும், படங்களை அடுக்கவும் திருத்தவும் சேர்த்தே பயன்படும் அடோபியின் லைட்ரூமைப் பார்க்காமல் ஒதுக்குவது நியாயமில்லை. 2007-இல் வந்ததிலிருந்து இந்தத் துறையின் அளவுகோல் அது. 2015-இல் வந்த லைட்ரூம் 6-தான் ஒரே முறை பணம் கட்டி வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2017 அக்டோபரிலிருந்து வந்த பதிப்புகளுக்குச் சந்தா மட்டும்தான். பல ஆண்டுகள் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலருக்கு இருந்த 20 ஜிபி புகைப்படத் திட்டத்தையும் 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக் படங்களைப் பூட்டிவைக்காது. பார்க்கலாம், தேடலாம், வெளியே எடுக்கலாம். டெவலப் பகுதியும் மேப் பகுதியும் மட்டும் நின்றுவிடும். இது பலர் பயப்படுவதைவிட நல்ல ஏற்பாடு. டேக்குகளை எக்ஸ்எம்பி என்ற முறையில் படத்துக்குள்ளோ, படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் தனிக் கோப்பான பக்கக் கோப்பிலோ எழுதும் வசதியும் உண்டு. ஆனால் அது நாமாகப் போய் இயக்க வேண்டிய வசதி. நாம் பிரித்துத் தொகுத்த கலெக்ஷன்களும், ஒரே படத்துக்கு வேறு வேறு திருத்தம் வைக்கும் விர்ச்சுவல் காப்பிகளும், லைட்ரூமின் சொந்தப் பதிவேடான கேட்டலாகுக்குள்ளேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஆயிரக்கணக்கான ரா ஃபைல்களை (கேமரா ஜேபெக்காக மாற்றாமல் தரும் மூலக் கோப்புகள்) திருத்தித் தரும் கேண்டிட் போட்டோகிராபராக இருந்தால் சந்தா கட்டு என்றுதான் நானே சொல்வேன். அந்த வேகத்துக்கும், படத்தில் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் மாஸ்க் வசதிகளுக்கும் காசு தகும். அண்ணாச்சியின் வேலை அந்த ரகம் இல்லை.

ஊரில் பாதிக் கடைகளில் ஓடும் கிராக் போட்டோஷாப்பைப் பற்றியும் பேசினோம். கடை நடத்துபவர் திருட்டுப் பிரதி வைத்திருப்பது சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். கிராக் கோப்பை யார் செய்தது, உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல், ஊரார் வீட்டுப் படங்கள் அத்தனையும் இருக்கும் கணினியில் அதை ஓட்டுவது இன்னொரு பக்கம். ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்கிற எதையும் அந்தக் கணினியில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். அவரிடம் இருந்த பிரதியை எடுத்துவிட்டோம்.

கூகுள் போட்டோஸைச் சீக்கிரமே கடந்துவிட்டோம். வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது மெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபி. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 25 முதல் 30 எம்பி வரை வரும். இரண்டாயிரம் படம் எடுத்தால் 50 ஜிபியைத் தாண்டும். ஒரு கல்யாணத்துக்கே போதாது. அதோடு, வாடிக்கையாளர் வீட்டுப் பெண்களின் படங்களை அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றுவதில்லை என்பது அண்ணாச்சி தொடக்கத்திலிருந்தே காப்பாற்றி வரும் ஒழுங்கு. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

இலவசம் என்று இணையம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் படம் பார்க்கும் மென்பொருள்களான எக்ஸ்என்வியூ எம்பி, ஃபாஸ்ட்ஸ்டோன், இர்ஃபான்வியூ மூன்றிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அவை சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். தொழிலுக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். தொகை பெரிதில்லை, ஒரே முறை கட்டினால் போதும். வீட்டுப் படங்களை அடுக்க நினைப்பவருக்கு, பழைய கணினியில் எக்ஸ்என்வியூ எம்பி அருமையாக ஓடும். என் முதல் பரிந்துரையும் அதுதான். கடைக்கு வேறு பார்க்கலாம் என்று முடிவுசெய்தோம்.

தமிழில் டேக் போட்டால் என்ன ஆகிறது

மென்பொருள் ஒப்பீடுகள் எதிலும் பேசப்படாத ஒரு விஷயத்தில் எங்களுக்குக் கணிசமான நேரம் போனது. அண்ணாச்சி தமிழில்தான் தட்டச்சு செய்வார். டேக்கும் தமிழில்தான் வேண்டும். வாடிக்கையாளர் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 'முத்துலட்சுமி' என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுதிவைத்திருப்பார்கள். தேடும்போது நாலையும் தேட வேண்டும்.

படத்துக்குள் தகவல் எழுதப் பழைய முறை ஐபிடிசி. செய்தி நிறுவனங்களுக்காக உருவானது. ஒவ்வொரு புலத்துக்கும் இத்தனை பைட் என்று வரம்பு உண்டு. ஒரு டேக்குக்கு 64 பைட், ஊர்ப் பெயருக்கு 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இது தாராளம். தமிழில் யூனிகோட் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தி' என்பதே 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடு, ஆறு பைட். 'திருநெல்வேலி' பன்னிரண்டு குறியீடு, 36 பைட். ஊர்ப் பெயருக்கான 32 பைட்டுக்குள் எங்கள் மாவட்டத் தலைநகராக இருந்த ஊரே அடங்காது. கன்னியாகுமரியும் அதே 36. மதுரைக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, 15 பைட்டில் முடிந்துவிடுகிறது.

டேக்கில் இன்னும் நுணுக்கமான ஒன்று. 'பூப்புனித நீராட்டு விழா' என்று எழுதினால் இருபத்தொரு குறியீடு, இரண்டு இடைவெளி, மொத்தம் 65 பைட். வரம்பை ஒரே ஒரு பைட் தாண்டுகிறது. விழாவின் கடைசிக் கால் உள்ளே போகாது. படத்துக்குள் தகவல் எழுதும் எக்ஸிஃப்டூல் மாதிரியான கறாரான கருவியில் எழுதினால் அளவு தாண்டுகிறது என்று எச்சரித்துவிட்டு வெட்டிவிடும். வேறு சில மென்பொருள்கள் வரம்பைக் கண்டுகொள்ளாமல் எழுதிவிடும். அதை இன்னொன்று படிக்கும்போது எப்படிப் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதோடு, ஐபிடிசியில் எந்த எழுத்துமுறை என்று குறிக்காமல் எழுதிய தகவலைப் பிற மென்பொருளில் திறந்தால் தமிழ் முழுக்கக் குப்பை எழுத்தாகத் தெரியும்.

அடோபி 2001-இல் கொண்டுவந்து, 2012-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை இல்லை. அது யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. இப்படி பைட் வரம்பும் கிடையாது. ஆகவே எங்கள் தேர்வுக்கான அளவுகோல் தெளிவாகிவிட்டது: தமிழ் டேக்கை எக்ஸ்எம்பியில் முழுதாக எழுத வேண்டும், எழுதியதை வேறு மென்பொருள் படிக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு மென்பொருளில் தமிழ் டேக் போட்டு, மூடிவிட்டு, அந்தப் படத்தை முற்றிலும் வேறு கணினியில், வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். டேக் அப்படியே தெரிந்தால் தேர்ச்சி. இந்தச் சோதனையில் தேறாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

டிஜிகாம்

அப்படி வந்து நின்றது, படங்களை அடுக்கி வைக்கும் டிஜிகாம். 2001-இல் ரெஞ்சி ராஜு என்பவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள், இன்று கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் கீழ் வளர்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தொழிலுக்கும் இலவசம். பிகாசாவும் இலவசமாகத்தானே இருந்தது என்று அண்ணாச்சி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பிகாசாவின் மூல நிரல் கூகுளிடம் மட்டும் இருந்தது. அவர்கள் கைவிட்டதும் தொடர ஆளில்லை. டிஜிகாமின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. இப்போது பராமரிப்பவர்கள் நிறுத்தினாலும் வேறு யாரும் எடுத்துத் தொடரலாம். அதற்கும் மேலாக, தகவல் படத்துக்குள்ளேயே இருப்பதால், டிஜிகாமே இல்லாமல் போனாலும் டேக் போகாது.

குறைகளும் உண்டு. திறந்ததும் நாலு பக்கமும் பட்டன்களும் பட்டைகளும் மொய்க்கும். பிகாசாவின் எளிமைக்குப் பழகியவருக்கு இது முதலில் மூச்சு முட்டும். முதல் முறை எல்லாப் படங்களையும் படித்து முடிக்க இரவு முழுக்க ஓடவிட வேண்டியிருந்தது. முகம் கண்டுபிடிக்கும் வசதியை மொத்தமாக ஓடவிட்டால் அந்த ஐ3 தவித்துவிடுகிறது. கல்யாண மேடையில் வரிசையாக நிற்கும் நூறு முகங்களுக்கும் 'இது யார்' என்று கேட்கிறது. முக்கியமான ஃபோல்டருக்கு மட்டும், கூட்டம் இல்லாத நேரத்தில் ஓடவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

தொடங்குவதற்கு முன் சரிசெய்ய வேண்டிய அமைப்புகள் சில உண்டு, இவற்றைத் தவறவிட்டால் பிறகு கஷ்டம். மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்) அமைப்பில், டேக்கும் மதிப்பெண்ணும் படத்துக்குள்ளும் எழுதப்பட வேண்டும் என்று குறியிட வேண்டும். இல்லாவிட்டால் அவை டேட்டாபேஸில் மட்டும் தங்கி, பிகாசா கதை திரும்பும். ரா ஃபைலுக்குள் எதையும் எழுத விடக் கூடாது. அதற்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி பக்கக் கோப்பு போதும். அந்தப் பக்கக் கோப்பின் பெயரை வணிக மென்பொருள்களுக்கு ஒத்த வடிவில் வைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவைத்தால், என்றைக்காவது லைட்ரூமுக்குப் போக நேர்ந்தாலும் அது இந்தக் கோப்புகளை அடையாளம் கண்டுகொள்ளும். டேட்டாபேஸ் கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கட்டும், வெளி டிஸ்க்கில் வேண்டாம். அப்புறம், ரா ஃபைலை நகர்த்துவதாக இருந்தால் டிஜிகாமுக்குள்ளிருந்தே நகர்த்த வேண்டும். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் ரா ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டால் பக்கக் கோப்பு பழைய இடத்திலேயே அநாதையாகக் கிடக்கும்.

எடிட்டிங்குக்கு

முன்பே சொன்னபடி, இதில் தவறான தேர்வு செய்தாலும் நட்டம் பெரிதில்லை. அதனால் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சியின் கேமரா நிக்கான். முகூர்த்தத்தை மட்டும் ராவில் எடுப்பார், மற்றதெல்லாம் ஜேபெக். சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு தாலி கட்டும் படம்: அரக்குப் பட்டுச் சேலை, மஞ்சள் பூசிய முகம், வீடியோக்காரரின் வெள்ளை எல்ஈடி வெளிச்சம். இந்த மூன்றும் சேர்ந்த படத்தில் எந்த மென்பொருளின் குணமும் வெளியே வந்துவிடும். ரா ஃபைலைத் திருத்தும் கட்டற்ற மென்பொருள்கள் டார்க்டேபிளும் ராதெரபியும். டார்க்டேபிள் மிகவும் திறமையான கருவி, ஆனால் தொடக்கத்தில் படத்தை மந்தமாகக் காட்டும். அங்கிருந்து நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். படிக்க நேரமும் ஆர்வமும் உள்ள இளைஞர்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்வேன். ராதெரபியில் சிவப்பின் நுணுக்கம் நன்றாக மீண்டது, ஜரிகைக் கரை தனியாகத் தெரிந்தது. நிக்கானே 2021-இல் வெளியிட்டு இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டுடியோவில் திறந்ததும், கேமராவின் பின்திரையில் பார்த்த அதே நிறத்தில் படம் வந்தது. "நம்ம கேமரா கலரு" என்று அண்ணாச்சி அதிலேயே நின்றுவிட்டார். கேனன் வைத்திருப்பவர்களுக்கும் இதேபோல் டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல் இலவசமாகக் கிடைக்கிறது. கேமரா வாங்கியபோதே காசு கொடுத்துவிட்ட மென்பொருள் இது. பலர் பெட்டியோடு மறந்துவிடுகிறார்கள்.

பழைய படத்தைச் சீராக்க, எழுத்துச் சேர்க்க, போட்டோஷாப் மாதிரியான கட்டற்ற மென்பொருள் கிம்ப். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களைப் பிறகு திரும்பவும் மாற்றிக்கொள்ள முடிகிறது. முன்பு அது முடியாது. கிம்ப்பைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் தமிழ். ஃபிரேம் படத்தின் அடியில் 'தோற்றம்', 'மறைவு' என்று தேதிகளோடு எழுத வேண்டும். யூனிகோட் தமிழைக் கிம்ப் சரியாகக் கோத்துக் காட்டுகிறது. கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. 2025 அக்டோபர் இறுதியில் அஃபினிட்டி என்ற எடிட்டிங் மென்பொருளை கேன்வா நிறுவனம் இலவசமாக்கியபோது அண்ணாச்சி ஆவலோடு கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மென்பொருள்தான். ஆனால் இரண்டாம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்க அதற்குத் தெரியாது என்பதால், புதியதில் ஒரு 'கொ' எழுதிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இழப்பு ஒன்று உண்டு, சொல்லிவிட வேண்டும். போட்டோஷாப்பில் ஒரே பட்டனை அழுத்தினால் பாஸ்போர்ட் படம் எட்டு, 4க்கு 6 தாளில் வரிசையாக உட்காரும். அந்த ஆக்‌ஷன் அவரிடம் இருந்தது. கிம்ப்பில் அப்படிப் பதிவுசெய்து ஓடவிடும் வசதி இல்லை. 35க்கு 45 மில்லிமீட்டர் கட்டங்களோடு ஒரு மாதிரிக் கோப்பு செய்துகொடுத்தேன். வேலை நடக்கிறது, முன்பைவிடச் சற்று மெதுவாக. பரீட்சை விண்ணப்ப சீசனில் மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது அந்த வித்தியாசம் தெரிகிறது.

ஆடி மாதத்து வேலை

பிகாசாவிலிருந்து டிஜிகாமுக்கு மாற்றும் வேலையை ஆடியில் வைத்துக்கொண்டோம். முதலில் பிகாசாவில் சேவ் செய்யாமல் கிடந்த திருத்தங்களைச் சேவ் செய்து, முகப் பெயர்களைப் படத்துக்குள் எழுதவைத்தோம். அதற்கும் முன்னால் எல்லாவற்றையும் ஒரு புது டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்தோம்.

பட்ஜெட்டில் பெரும்பகுதி இரண்டு 2 டிபி ஹார்ட் டிஸ்க்குகளுக்கே போனது. ஒன்று கடையில், ஒன்று அண்ணாச்சியின் தங்கை வீட்டில், பாளையங்கோட்டையில். இதற்கு அவரை ஒத்துக்கொள்ள வைக்க நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரை மீறியது. கடைக்குள் வெள்ளம் புகுந்து கணினியும் அதன் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக நனைந்தால் பேக்கப் என்பதற்கு அர்த்தமே இல்லை. மென்பொருளுக்கு வைத்திருந்த காசை டிஸ்க்குக்குத் திருப்பியதுதான் இந்த முழு வேலையிலும் நல்ல முடிவு என்று நினைக்கிறேன்.

பழைய படங்கள் எல்லாவற்றுக்கும் டேக் போடுவது என்று இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பாதியில் நின்றிருக்கும். பழைய ஃபோல்டர்களின் பெயரை மட்டும் ஆண்டு, மாதம், ஊர், வீட்டுக்காரர் பெயர், விசேஷம் என்ற வரிசையில் மாற்றினோம். எடுத்த தேதியை, கேமராவே படத்துக்குள் எழுதும் எக்ஸிஃப் தகவல் சொல்லிவிடுகிறது. சில ஆண்டுகள் கேமராவின் தேதி தவறாக இருந்திருக்கிறது, அங்கே அண்ணாச்சியின் ரசீதுப் புத்தகம் உதவியது. புது வேலைகளுக்கு மட்டும் முழு டேக். அதிலும் ஒரு விதி வைத்தோம்: ஒவ்வொரு கல்யாணத்திலும், இரண்டு வீட்டுப் பெரியவர்களின் தனிப்படங்களில் நன்றாக வந்தவற்றுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, பெயரும் ஊரும் எழுதுவது. படம் கொடுக்கும்போது வீட்டுக்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்கிறார். "எதுக்கு அண்ணாச்சி பேரெல்லாம்?" என்று கேட்டால், "இருக்கட்டும், பிறகு கேப்பீங்க" என்கிறார்.

இப்போது பழைய படம் கேட்டு வருபவரிடம் அவர் கேட்பது ஊரும் வீட்டுப் பெயரும்தான். ஃபோல்டர் பெயரிலேயே பெரும்பாலும் கல்யாணம் பிடிபட்டுவிடுகிறது. அதற்குள் பெரியவரைத் தேடுவதும், நட்சத்திரம் போட்ட படங்கள் இருந்தால் இன்னும் சுலபம். முகம் கண்டுபிடிப்பதை நம்பி எதையும் வைக்கவில்லை. அது கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு வேலை மீதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அந்த ஐ3 கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸுக்கு மாற்றினால் டிஜிகாமும் கிம்ப்பும் அப்படியே வரும், என்எக்ஸ் ஸ்டுடியோ வராது. அந்த இடத்துக்கு ராதெரபி. அடுத்த மார்கழியில் அதைச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கு முன்னால், டிஜிட்டலுக்கு வந்த புதிதில் வாடிக்கையாளர் படங்களை எழுதிவைத்த டிவிடிகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் மேல்பூச்சு உரியத் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றாக டிரைவில் போட்டு, படிக்கிறவரை டிஸ்க்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்.